அரைச் சக்கரத்துக்கு ஒரு மைல்: தென் திருவிதாங்கூர்ச் சாலையில் தனியார் பேருந்துகள்

கள்ளிக்காட்டிலிருந்து காட்டாக்கடைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ செல்லப் பேருந்துக்காகக் காத்திருப்பவர் முன் வந்து நிற்பது பெரும்பாலும் கேரள அரசுப் பேருந்துதான். இதே மாநிலத்தின் திருச்சூரிலோ மலப்புரத்திலோ நிலைமை நேர்மாறு. அங்கே சாலையை ஆள்பவை தனியார் பேருந்துகள். இந்த வேறுபாட்டை இன்றைய அரசுகளின் கொள்கையைக் கொண்டு விளக்குவது கடினம். அதன் வேர், சமஸ்தான ஆட்சி 1937–38இல் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. அந்த முடிவு முதலில் நடைமுறைக்கு வந்தது நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் போகும் சாலையில்.

அச்சாலையின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை 1918இலேயே வந்துவிட்டது. நகரின் நடுவே தம்பானூருக்கு 1931இல் நீண்டது. ஆனால் திருவனந்தபுரத்திற்குத் தெற்கே முதல் ரயில் ஓடியது 1979இல். இடைப்பட்ட காலம் முழுவதும் தென் திருவிதாங்கூரின் வெகுதூரப் பயணத்தை மோட்டார் வாகனமே சுமந்தது. தொடக்கத்தில் அந்த வாகனங்கள் தனியாருடையவை. ஓரிரு வண்டிகள் வைத்திருந்த சிறு உரிமையாளர்களே அக்காலத் தொழிலின் பொது முகம். ஆள் நிறைந்தால் வண்டி புறப்படும். கட்டணம் போட்டிக்கேற்ப ஏறும், இறங்கும்.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே குழப்பம் இருந்தது. ஆனால் அங்கே அரசின் முதற்கவலை பயணி அல்லர், ரயில் வருவாய். சாலைப் போட்டியால் ரயில்வே இழக்கும் வருமானத்தைக் கணக்கிட்ட மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கை 1933இல் வெளிவந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளர்களை விட்டுவைத்து, அனுமதிச் சீட்டு முறையால் அவர்களைக் கட்டுப்படுத்தியது. திருவிதாங்கூர் அதற்கு ஓராண்டு முன்பே வேறு வழியைத் தேர்ந்துவிட்டது: அரசே பேருந்து முதலாளியாயிற்று. காப்பாற்ற வேண்டிய ரயிலே இல்லாத தென்சாலையில் அது தொடங்கியதைத் தற்செயல் என்று கொள்ள இயலாது. பயணிகள் உறுதி; மாற்று வழி அவர்களுக்கு இல்லை.

இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் 1937 செப்டம்பர் 20 அன்று கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் இறக்குமதியாயின; பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய அவற்றின் மேல் கூடுகள் சால்ட்டரின் மேற்பார்வையில் உள்ளூரிலேயே கட்டப்பட்டன. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா சேவையைத் தொடங்கிவைத்தார். அரச குடும்பம் ஏறிய முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். பின்னால் ஏனைய வண்டிகள் அணிவகுத்தன. மறுநாள் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சேவை முறைப்படி ஆரம்பமாயிற்று.

கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம் (28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய்). முதல் வகுப்புக்கு ஒன்றரை மடங்கு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. 28 பவுண்டு வரை சுமை இலவசம். ஏறுவதற்கு முன்பே பயணிக்குத் தன் கட்டணம் தெரியும் என்பதுதான் இதில் புதுமை. டீசல் எஞ்சினைவிட இது பெரிய மாற்றம் என்று சொல்லத் தோன்றுகிறது.

பணியாளர் தேர்வில் ஒரு விந்தை உண்டு. பட்டதாரிகள் நூறுபேர் அளவில் ஆய்வாளர்களாகவும் நடத்துநர்களாகவும் சேர்க்கப்பட்டனர். அதே வேளையில், தனியார் வண்டிகளில் வேலை பார்த்த அனுபவமுடையோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. தனியார் தொழிலை அகற்றிய துறை, அத்தொழில் பயிற்றுவித்த கைகளைக் கொண்டே நடந்தது. தொழிலாளி புதிய சீருடையில் தொடர்ந்தார். உரிமையாளரின் இடம் மட்டும் காலியாயிற்று. அரசுப் போக்குவரத்தின் வரலாறு வழக்கமாக 1938இலிருந்து எழுதப்படுவதால் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படுவதில்லை.

அவ்வுரிமையாளர்களுக்கு அடிப்படை உரிமை என்ற ஆயுதம் இல்லை. குடியரசில் அது கிடைத்தது: உத்தரப்பிரதேசப் பேருந்து உரிமையாளர்கள் மாநில ஏகபோகத்தை எதிர்த்து 1954இல் சகீர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வென்றனர். தமிழ்நாட்டின் 1973ஆம் ஆண்டுப் பேருந்துக் கையகச் சட்டமும் நீதிமன்றங்களில் பத்தாண்டு போராடியே 1983இல் நிலைபெற்றது. திருவிதாங்கூரில் அரசாணையே போதுமானதாக இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே சாலை இரண்டு மாநிலங்களுக்குப் பிரிந்தது. சென்னை மாநிலம் 1947 முதல் தலைநகரில் மட்டுமே அரசுப் பேருந்து நடத்திவந்தது. அதனால் குமரி மாவட்டம், தலைநகருக்கு வெளியே அரசுப் பேருந்து ஓடும் விதிவிலக்கான பகுதியாக அம்மாநிலத்தில் நுழைந்தது. மதுரையில் டி.வி.எஸ். பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது 1972இல்தான். குமரி அந்த மாற்றத்தை முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, வேறோர் அரசின் கீழ் கண்டுவிட்டது.

எனினும் தனியார் தொழில் முற்றாக அழிந்துவிடவில்லை. நாகர்கோவிலின் பயோனியர் மோட்டார்ஸ், நகராட்சிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை வழக்காடும் அளவுக்கு வலுவோடு இருந்தது. பின்னர் 1983இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுக் கழகத்திற்கு, தமிழகத்தோடு இணையும் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் தமிழகம் முழுவதும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அதுவும் பேருந்துகளிலிருந்து மறைந்தது. பயோனியர் என்ற பெயரோ நாகர்கோவிலின் பயோனியர் குமாரசாமி கல்லூரியில் இன்றும் இருக்கிறது.