சயானிலிருந்து கந்தரோடை வரை: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்

கோவண்டியில் ஹார்பர் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். அங்குள்ள எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியை அறியாத மும்பைத் தமிழ்க் குடும்பம் குறைவு. அக்கல்லூரியில் 1968-இல் அறிவியல் பட்டம் பெற்ற தமிழர் ஒருவர் பரம்வீர் சக்கரம் பெற்றார் என்றால், "அப்படியா, நம்ம ஆளா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

ராமசாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13-இல் பம்பாயில் பிறந்தார். சென்னையில் அதிகாரிகள் பயிற்சி முடித்து, 1972 ஜூன் 16-இல் மகார் ரெஜிமென்டில் சேர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் போன்றோர் குரல் கொடுத்ததன் பயனாக 1941-இல் பெல்காமில் உருவான படைப்பிரிவு அது. நாம் பிழைக்க வந்த இந்த மராத்திய மண்ணோடு வேர்கொண்ட அந்தப் படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம், ஒரு தமிழர் வாங்கித் தந்தது!

1987 ஜூலை 29-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அமைதிப்படை சென்றது. அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணத்தின் கந்தரோடைப் பகுதியில் தேடுதல் முடிந்து திரும்பிய பரமேஸ்வரனின் குழுவை எதிரிகள் பதுங்கித் தாக்கினர். அவர் பதறாமல் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவனிடமிருந்தே துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை வீரர்களுக்கு ஆணையிட்டார். அப்போது வயது 41.

ஏன் மறந்தோம்? காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் போரில் யாழ்ப்பாண மருத்துவமனையிலேயே பொதுமக்கள் மாண்டார்கள். தமிழர் மனம் புண்பட்டது. 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அந்தப் புண்ணை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போரை முடிவுசெய்தது சிப்பாய் அல்ல. அந்தக் கணக்கை அவன் குடும்பத்தின் தலையில் கட்டலாமா?

சென்னைப் பயிற்சி அகாதெமியின் அணிவகுப்பு மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2023 ஜனவரி 23-இல் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் பெயர்களும் அந்தமான் தீவுகளுக்குச் சூட்டப்பட்டபோது, அவர் பெயரும் ஒரு தீவுக்கு வந்தது. பிறந்த ஊரில் நாம் என்ன செய்தோம்?

பெரிய செலவு வேண்டாம். நவம்பர் 25 அவர் நினைவு நாள். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். இடையில் வரும் ஒரு ஞாயிறன்று, நம் பகுதி முன்னாள் படைவீரர்களை அழைத்து, மராத்தி அண்டை வீட்டாரையும் உட்காரவைத்து, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். கொடிநாள் உண்டியலில் சேரும் பணம் வீரர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். சிலைக்கு மாலை போடுவதைவிட அது பெரிய மரியாதை.

"நம்ம ஆளா?" என்று அடுத்த தலைமுறை கேட்கக் கூடாது. "நம்ம ஆளு" என்று சொல்லட்டும்.