மகுடமும் சந்தேகமும்: முதல் 'மிஸ் இந்தியா' பிரமீளாவின் வாழ்வு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

திரைப்பட நடிகையரின் வாழ்க்கை தமிழில் பெரும்பாலும் இரண்டு வகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, வியப்பும் வம்பும் கலந்த சஞ்சிகைக் குறிப்பு; மற்றையது, கலைத்திறனைத் தனிமனிதக் கொடையாகப் போற்றும் புகழுரை. இவ்விரண்டும் ஒரு வினாவைத் தவிர்த்துவிடுகின்றன: எந்தச் சமூகப் பிரிவிலிருந்து வந்த பெண், எத்தகைய உழைப்பு உறவுகளினுள் நின்று, யாருடைய தேவைக்காக அழகு என்னும் பண்டத்தை உற்பத்தி செய்தாள்? இந்த வினாவை முன்வைத்து, 1947 ஆம் ஆண்டு 'மிஸ் இந்தியா' பட்டத்தை முதன்முதலிற் பெற்ற பிரமீளாவின் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துறைமுகத்தாற் பிழைக்கும் பல்லின நகரமொன்றில் இருந்து இதனை ஆராய்வோருக்கு, அவரது வாழ்வு தொலைவிலுள்ள பம்பாயின் கதையாக மட்டும் தோன்றாது.

1. துறைமுக வணிகமும் இடைநிலைச் சமூகமும்

பிரமீளாவின் இயற்பெயர் எஸ்தர் விக்டோரியா ஏபிரகாம். 1916 ஆம் ஆண்டின் இறுதியிற் கல்கத்தாவிலே பாக்தாத்திய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தை கல்கத்தா வணிகர். தாய் கராச்சியைச் சேர்ந்தவர். இந்த இரு நகரங்களும் துறைமுகங்கள் என்பது தற்செயலன்று. அலெப்போவைச் சேர்ந்த சாலோம் கோகன் 1798 இற் கல்கத்தாவிற் குடியேறியதிலிருந்து தொடங்கும் இச்சமூகத்தின் வரலாறு, கிழக்கிந்தியக் கும்பனியின் வணிகத்தோடு பின்னிப் பிணைந்தது. அவுரி, அபின், பருத்தி, சணல் ஆகியன சென்ற கடல்வழிகளிலேயே இச்சமூகமும் பரவியது.

குடியேற்றவாதப் பொருளாதாரம் இத்தகைய இடைநிலைச் சமூகங்களை எங்கும் தோற்றுவித்தது. ஆள்வோராகவும் ஆளப்படுவோராகவும் முழுமையாகக் கொள்ளப்படாத இவர்களுக்கு நிலத்தில் வேரில்லை. வணிகத்திலும் கல்வியிலும் மட்டுமே இடமிருந்தது. இலங்கையிற் பறங்கியரும் கொழும்புச் செட்டிகளும் ஏறக்குறைய இத்தகைய நிலையிலேயே இருந்தனர். பிரித்தானியக் கடற்படையின் தேவைகளை ஒட்டித் திருகோணமலையில் வந்து சேர்ந்த பல்வேறு மக்களையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். துறைமுகம் ஆட்களை வரவழைக்கிறது. அதன் பயன் மாறும்போது அவர்களது 'சொந்த ஊர்' எது என்ற வினா எழுப்பப்படுகிறது.

2. இருளை நிரப்பிய நடனம்

பதினேழு வயதில் வீட்டைவிட்டு வெளியேறிய எஸ்தர், பார்சி நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை கவனத்திற்குரியது. திரைப்படம் காட்டப்படும்போது, ஒரு சுருள் முடிந்து மறு சுருள் பொருத்தப்படும் வரை திரை இருண்டுவிடும். அந்தச் சில நிமிடங்களிற் பார்வையாளர் கலைந்துபோகாதவாறு அவர் மேடையில் ஆடினார். இயந்திரம் நின்றுபோகும் இடைவெளியை மனித உடல் தன் உழைப்பால் நிரப்பியது. இந்தியத் திரைத்தொழிலிற் பெண்ணுழைப்பின் இடத்தை இதனினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

அவர் பின்னர் பம்பாய்க்குச் சென்று திரையில் நுழைந்தார். 1931 இல் 'ஆலம் ஆரா'வையும், தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்தையும் தந்த இம்பீரியல் நிறுவனம் அவருடைய தொடக்ககாலக் களங்களுள் ஒன்றாகும். உயர்சாதி இந்துக் குடும்பங்களும் உயர்குடி முஸ்லிம் குடும்பங்களும் தம் பெண்களைத் திரைக்கு அனுப்ப மறுத்த காலம் அது. நிலமானிய ஒழுக்கவியல் பெண்ணுடலைக் குடும்பச் சொத்தாகக் கருதியமையால், அந்த ஒழுக்கவியலின் விளிம்பில் நின்ற சமூகங்களின் பெண்களே கமராவின் முன் வந்தனர். 'சுலோசனா' எனப் புகழ்பெற்ற ரூபி மயர்ஸ், 'நாதிரா' எனப்பட்ட புளோரன்ஸ் எசக்கியேல் ஆகியோரும் யூதப் பெண்களே. தமிழ்த் திரையின் தொடக்க காலத்தில் இசைவேளாளர் குலப்பெண்கள் பெற்ற இடமும் இத்தகையதே.

இப்பெண்களின் உடல் வேண்டப்பட்டது. பெயர் வேண்டப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. எஸ்தர் பிரமீளாவானார். பார்வையாளர் தமக்குரியவளாகக் கற்பனை செய்துகொள்ளும் பெயர் ஒன்றினைச் சந்தை கோரியது. அவர் தம் உழைப்பை விற்றபோது தம் பெயரையும் கழற்றி வைக்க நேர்ந்தது.

'ஜங்கிள் கிங்', 'பிஜ்லி' (இரண்டும் 1939), 'உல்டி கங்கா' (1942) முதலிய படங்களில் நடித்த பிரமீளா, துணிச்சல் மிக்க பாத்திரங்களுக்கும் எதிர்மறைப் பாத்திரங்களுக்கும் பெயர் பெற்றார். குடும்பப் பெண்ணின் தூய்மையை ஒருத்தி ஏற்க, அவ்வொழுக்கத்தை மீறும் சுதந்திரத்தை மற்றொருத்தி ஏற்றாள். பின்னவளைப் பார்க்கவே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினர். கதையோ அவளைத் தண்டித்தது.

எனினும் அவர் கூலி பெறும் நடிகையாகவே நின்றுவிடவில்லை. தம் துணைவரான நடிகர் குமாருடன் இணைந்து 1942 இல் 'சில்வர்' என்னும் படநிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலக் கச்சாச் சுருள் தட்டுப்பாட்டால் படங்களின் நீளத்தையே அரசு கட்டுப்படுத்திய ஆண்டுகள் அவை. அத்தகைய நெருக்கடியில் 'ஜங்கார்', 'படே நவாப் சாகிப்' முதலாகப் பதினாறு வரையிலான படங்களை இந்நிறுவனம் தந்ததாகக் கூறப்படுகிறது. தன் உழைப்பை விற்ற பெண், உற்பத்திச் சாதனத்தில் ஓரளவேனும் உரிமை கொண்டவளாக மாறிய அரிய நிகழ்வு இது.

3. 1947: நாடு சூட்டிய மகுடம்

1947 இற் பிரமீளா 'மிஸ் இந்தியா' பட்டம் பெற்றபோது முப்பது வயதை எட்டியிருந்தார், பிள்ளைகளின் தாய், மீண்டும் கருவுற்றுமிருந்தார். பட்டம் பெற்றுத் திரைக்கு வந்தவரல்லர். திரையில் பன்னிரண்டு ஆண்டு உழைத்தபின் பட்டம் பெற்றவர். கன்னிமை, இளமை ஆகியவற்றை நிபந்தனையாக்கிய பிற்கால அழகுப் போட்டிகளுடன் ஒப்பிடும்போது இதன் முக்கியத்துவம் புலனாகும். போட்டி இன்னும் பெருநிறுவனங்களின் முழுமையான விளம்பரச் சாதனமாகாத காலம் அது.

புதிய நாடு தன் பெயரால் முதன்முதற் பட்டம் சூட்டியது ஒரு யூதப் பெண்ணுக்கு. அதே நாட்டின் அதிகாரம் அவரைச் சந்தேகிக்கவும் செய்தது. மொரார்ஜி தேசாய் பம்பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், பாகிஸ்தானுக்கு அடிக்கடி சென்று வருகிறார் என்பதனால் அவர்மீது உளவுக் குற்றம் சுமத்தப்பட்டது. அப்பயணங்கள் அவரது படங்களின் விநியோகத்திற்காக மேற்கொள்ளப்பட்டவை என்பது தெளிவானபின்னரே அது நீங்கியது.

இதனைத் தனிப்பட்ட அதிகாரி ஒருவரின் தவறாகக் குறுக்கிவிடலாகாது. பிரிவினைக்கு முன்னர் லாகூரும் கராச்சியும் பம்பாய்ப் படங்களின் இயல்பான சந்தைகள். 1947 ஆகஸ்டில் அச்சந்தை ஒரே இரவில் அயல்நாடாயிற்று. தயாரிப்பாளரின் தொழில் மாறவில்லை. எல்லைக்கோடு அவரது தொழிலின் பொருளை மாற்றிவிட்டது. நேற்று வணிகப் பயணமாயிருந்தது இன்று தேசத்துரோகமாக வாசிக்கப்பட்டது. பெரும்பான்மைச் சமூகத்தைச் சேராதவரின் பயணமே இவ்வாறு வாசிக்கப்படுவதற்கு முதலிற் இலக்காகும் என்பதை 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை அறிந்த இலங்கை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமுறைகளாக உழைத்த மலையக மக்களிடம் பிறப்புச் சான்று கேட்ட சட்டம் அது.

4. இலங்கை ஒப்பீடுகள் இரண்டு

அதே 1947 ஆம் ஆண்டு ஜனவரியில் முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுணு பொறொந்துவ' திரையிடப்பட்டது. தமிழராகிய எஸ். எம். நாயகம் அதனை மதுரையில் எடுத்தார்; இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். நாயகியாக நடித்த ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ்; கொழும்புச் செட்டிச் சமூகத்தவர். சிங்களத் திரையின் முதல் நாயகி ராசம்மா என்ற பெயருடன் பிறந்தவர் என்பது, 'தூய' தேசியப் பண்பாடு பற்றிப் பேசுவோர் எளிதில் மறந்துவிடும் உண்மை.

இரண்டாமவர் 1955 இல் இலங்கை அழகியாகத் தெரிவாகி, அவ்வாண்டு கலிபோர்னியாவின் லோங் பீச்சில் நடந்த 'மிஸ் யூனிவர்ஸ்' போட்டியில் மூன்றாமிடம் பெற்ற பறங்கியர் சமூகப் பெண்ணாகிய மொறீன் ஹிஞ்சேர்ட். அப்போட்டியை நீச்சலுடை உற்பத்தி நிறுவனம் ஒன்றே தோற்றுவித்தது. ஹொலிவூட் அவரை ஏற்றது. ஆயினும் இலங்கைப் பெண்ணாக அன்று. 'ஜனா டேவி' என்ற பெயரும் அவருக்குச் சூட்டப்பட்டது. 1950களின் 'வெஸ்டர்ன்' படங்களில் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணாகவும் அயல்நாட்டுப் பெண்ணாகவும் தோன்றினார். அவரது மாநிறம் சந்தையில் விலைபோயிற்று. அந்நிறம் எந்த நிலத்துக்குரியது என்பது சந்தைக்குப் பொருட்டாயிருக்கவில்லை. அவர் லோங் பீச்சில் நின்றபோது திருகோணமலைத் துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையிடமே இருந்தது. 1957 இலேயே அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. துறைமுகத்தையும் பெண்ணையும் தன் தேவைக்கேற்பப் பெயரிட்டுப் பயன்கொள்வது ஒரே உலக ஒழுங்கின் இரு செயல்கள் எனலாம்.

5. முடிவுரை

குமார் 1963 இற் பாகிஸ்தான் சென்றார். பிரமீளா பம்பாயிலேயே தங்கினார். தேசத்துரோகி எனச் சந்தேகிக்கப்பட்டவரே போகாமல் நின்றார். அவரது மகள் நக்கி ஜகான் 1967 இல், 'ஈவ்ஸ் வீக்லி' இதழ் நடத்திய போட்டியில் இந்திய அழகியானார். தாய்க்கும் மகளுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அழகுப் போட்டி வணிக இதழ்களின் ஆண்டு நிகழ்வாகிவிட்டிருந்தது. 1991 இன் தாராளமயத்திற்குப் பின்னர், 1994 இல் சுஷ்மிதா சென், ஐஸ்வர்யா ராய் ஆகியோர் பெற்ற உலகப் பட்டங்கள் பன்னாட்டு அழகுசாதன நிறுவனங்களுக்கு இந்தியச் சந்தையின் வாயிலை அகலத் திறந்தன. பிரமீளாவோ முதிய வயதிலும் நடித்தார். அமோல் பாலேக்கரின் 'தாங்' படத்தில் தோன்றிய அவர் 2006 ஆகஸ்டிற் காலமானார்.

அழகுப் போட்டி பெண்ணைப் பண்டமாக்குகிறது என்று முற்போக்காளர் கூறுவது உண்மை; ஆனால் அது முழு உண்மையன்று. அத்துடன் நின்றுவிடுவோமாயின், சந்தை பெண்ணின் உழைப்பை மறைக்க, நாமும் நம் விமர்சனத்தால் அதனையே மறைத்தவராவோம். பிரமீளா ஆடினார், நடித்தார், மூலதனம் திரட்டினார், படப்பெட்டியுடன் எல்லை கடந்தார், பிள்ளைகளை வளர்த்தார். மகுடம் அவர் வாழ்வின் ஒரு நாள். உழைப்பு எழுபது ஆண்டுகள். நாடு அவரிடம் விசுவாசத்திற்குச் சான்று கேட்டது. அவர் எடுத்த படங்களும் வாழ்ந்த வாழ்வும் அச்சான்றாக ஏன் ஏற்கப்படவில்லை என்பதே வரலாற்றாய்வாளன் எழுப்ப வேண்டிய கேள்வி. பம்பாயில் எழுந்த அக்கேள்வி, இத்துறைமுகத்திலும் விடை பெறாதிருக்கும் கேள்வியே.