1969: பினாங்கு வாக்காளரும் கைமாறிய தீர்ப்பும்

1969ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மலேசியாவில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் வென்றவர் யார் என்ற வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் அரிது. தீபகற்பத்தின் 104 நாடாளுமன்றத் தொகுதிகளுள் 1964இல் 89ஐக் கைப்பற்றியிருந்த கூட்டணிக் கட்சி, இம்முறை 66 இடங்களையே பெற்றது. ஆட்சிக்குப் போதிய எண்ணிக்கைதான். ஆயின் பதிவான வாக்குகளில் பாதிகூட அதற்குக் கிட்டவில்லை. கூட்டணியின் உறுப்பாகிய மலேசியச் சீனர் சங்கம் 27 இடங்களிலிருந்து 13ஆகச் சுருங்கியது. சிலாங்கூர் சட்டமன்றத்தில் 28 இடங்களுள் கூட்டணிக்கு 14, எதிர்த்தரப்பிற்கு 14. பேராக்கில் 40க்கு 19. இவ்விரு மாநிலங்களிலும் யார் ஆள்வது என்பது தெளிவாகாமலே நின்றது.

பினாங்கில் மட்டும் தீர்ப்பு ஐயத்திற்கு இடமின்றி அமைந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களுள் 16ஐ, தோன்றி ஓராண்டே ஆகியிருந்த கெராக்கான் கட்சி வென்றது. கூட்டணிக்கு நான்கே இடங்கள். அவை அனைத்தும் அம்னோவினுடையவை. 1957 முதல் முதலமைச்சராக இருந்த வோங் பௌ நீயின் ஆட்சி முடிவுற்று, டாக்டர் லிம் சோங் இயூ அப்பொறுப்பினை ஏற்றார்.

ஓராண்டுக் குழந்தையான ஒரு கட்சியிடம் மாநிலத்தையே ஒப்படைக்க வாக்காளர் துணிந்தது ஏன்? புதிய கட்சியின் மீது கொண்ட காதலினால் என்று கூறுவது மிகை. எதிர்ப்பினைத் தெரிவிக்கும் வாயில்கள் பினாங்கில் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு வந்ததே உண்மைக் காரணம்.

முதல் வாயில் மாநகர மன்றம். 1957இல் மாநகரத் தகுதி பெற்ற ஜோர்ஜ் டவுனின் முதல் மேயர் ஒரு தமிழர்: தொழிற்கட்சியைச் சார்ந்த டி. எஸ். இராமநாதன். மத்தியிலும் மாநிலத்திலும் கூட்டணி ஆள, நகரத்தை மக்கள் தொழிற்கட்சியிடம் தந்திருந்தனர். குப்பை வாருதல், குடிநீர், மின்சாரம், பேருந்து என அன்றாட வாழ்வைத் தொடும் அதிகாரம் அது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. 1966இல் ஜோர்ஜ் டவுன் மாநகர மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசே எடுத்துக்கொண்டது. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கிய செனட்டர் அத்தி நாகப்பன், தேர்தல்கள் மீண்டும் வேண்டும் என்றே பரிந்துரைத்தார். அவரும் தமிழர் என்பது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்தல்களை ஒழித்தேவிட்டது.

அடுத்தது வயிற்றுப்பாடு. 1786 முதல் தீவின் உயிர்நாடியாக இருந்தது சுங்கத் தீர்வையற்ற துறைமுகம் என்னும் சலுகை. 1960களில் படிப்படியாகக் குறைக்கப்பட்ட அச்சலுகை 1969இல் நீங்கியது. துறைமுகக் கூலிகள், கிட்டங்கிப் பணியாளர், கடைத்தெருவின் சில்லறை வணிகர் ஆகிய பலரும் இதனால் தளர்ந்தனர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். இந்நிலையில் 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வெளியான புதிய வெள்ளி தன் மதிப்பைக் காத்துக்கொள்ள, புழக்கத்திலிருந்த பழைய வெள்ளியோ 85 காசாக இறங்கியது. வங்கிக் கணக்கு வைத்திருந்தவனுக்கு அது செய்தி. பெட்டியடியில் பழைய நோட்டுகளை முடிந்து வைத்திருந்த கூலிக்காரனுக்கு இழப்பு. நவம்பர் 24ஆம் நாள் தொழிற்கட்சி அழைத்த ஹர்த்தால் கலவரமாக மாறியது, உயிர்கள் பலியாயின, ஊரடங்கு விதிக்கப்பட்டது.

மூன்றாவது வாயிலைத் தொழிற்கட்சி தானே அடைத்தது. தன் தலைவர்கள் பலர் சிறையிலிருக்க, 1969 தேர்தலை அது புறக்கணித்தது. ஆளும் கட்சியை வெறுத்து, பழைய எதிர்க்கட்சியும் களத்தில் இல்லாத நிலையிலேயே பினாங்கு வாக்காளர் கெராக்கானின் பக்கம் திரும்பினர். 1968 மார்ச்சில் அதனை நிறுவியோருள் பேராசிரியர் சையத் ஹுசேன் அலாதாஸ், டாக்டர் டான் சீ கூன், தொழிற்சங்கவாதி வீ. வீரப்பன் ஆகியோர் இருந்தனர். லிம் சோங் இயூவோ 1958இல் மலேசியச் சீனர் சங்கத்தின் தலைவராகி, தொகுதிப் பங்கீட்டில் துங்கு அப்துல் ரஹ்மானுடன் பிணங்கி, பின் அக்கட்சியை நீங்கியவர். கூட்டணியை எதிர்க்க, கூட்டணியின் உள்ளறிந்த ஒருவர் கிடைத்தார் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட கலவரம் அனைத்தையும் மாற்றியது. அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி செலுத்தியது. சபா, சரவாக் வாக்குப்பதிவு 1970க்குத் தள்ளிப்போயிற்று. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971 பிப்ரவரி 20ஆம் நாளிலேதான். வாக்களித்தவர்களின் குரல் ஏறத்தாழ இருபத்தொரு மாதம் பேழைக்குள் கிடந்தது. இதே காலத்தில் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட, தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு வாக்குச் சீட்டே இருந்ததில்லை. அதிருப்தியைப் பதிவு செய்யும் பேறும் அவர்க்கு வாய்க்கவில்லை.

பினாங்கின் கதைக்குத் திரும்புவோம். 1971இல் கெராக்கான் பிளந்தது. டான் சீ கூனும் அவர் தோழர்களும் விலகிப் பெக்கெமாஸ் கட்சியைக் கண்டனர். சட்டமன்றத்தில் லிம் சோங் இயூவின் பெரும்பான்மை ஆட்டங்கண்டது. 1972 பிப்ரவரியில் அவர் கூட்டணியுடன் கைகோத்து மாநில ஆட்சியை நிலைப்படுத்திக் கொண்டார். 1974இல் கூட்டணி, தேசிய முன்னணியாக விரிந்தபோது கெராக்கானும் அதன் உறுப்பாயிற்று. எந்தக் கூட்டணியை வீழ்த்த வேண்டும் என்று மக்கள் வாக்களித்தனரோ, அவ்வாக்குகளைக் கொண்டே அக்கூட்டணி மீண்டும் அரியணைப் பக்கம் வந்தமர்ந்தது. இதற்கு மக்களின் ஒப்புதல் முன்னதாகக் கேட்கப்படவில்லை.

லிம் சோங் இயூவின் பக்கமும் நியாயம் உண்டு. மத்திய அரசின் துணையின்றி வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தீர்க்க இயலாது என்பது அவர் கணக்கு. 1972இல் பாயான் லெப்பாசில் தோன்றிய சுதந்திர வணிக வட்டாரம், பல்லினத்து இளம்பெண்களுக்கும் தொழிற்சாலை வேலை தந்தது மறுக்கவொண்ணாதது. 1974ஆம் ஆண்டுத் தேர்தலில் 27 இடங்களுள் 23ஐத் தேசிய முன்னணி வென்றதைக் காட்டி, மக்கள் அம்மாற்றத்தைப் பின்னர் ஏற்றுக்கொண்டனர் என்பாரும் உளர். பிளவுண்டு கிடந்த எதிர்த்தரப்பைத் தவிர அவர்களுக்கு வேறென்ன எஞ்சியிருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்தே எண்ண வேண்டும். பசியாறியவன் கேள்வியை மறப்பதில்லை. 1990இல் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் லிம் சோங் இயூவே தோற்றார். 2008 மார்ச் 8இல் எதிர்த்தரப்பு 40 இடங்களில் 29ஐ வெல்ல, கெராக்கானும் மலேசியச் சீனர் சங்கமும் ம.இ.காவும் மாநிலச் சட்டமன்றத்தில் ஓர் இடமும் பெறவில்லை.

2022 நவம்பர் 19இல் நடந்த பொதுத்தேர்தலில் நாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக எந்த அணிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஐந்து நாள் இழுபறிக்குப் பின், பக்காத்தான் ஹராப்பானும் அது பல்லாண்டு எதிர்த்துப் போராடிய தேசிய முன்னணியும் ஒரே அரசில் அமர்ந்தன. அத்தேர்தலுக்குச் சற்று முன்னரே கட்சித்தாவலைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தனியொரு உறுப்பினர் கட்சி மாறினால் அது அவர் பதவியைப் பறிக்கும். ஒரு கட்சியே முழுமையாக அணி மாறினால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1972இல் அச்சட்டம் இருந்திருப்பினும், கெராக்கானின் முடிவை அது தடுத்திராது.

2023 ஆகஸ்ட் 12இல் பினாங்குச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. நேற்றுவரை அம்னோவை எதிர்த்தே வாக்களித்துப் பழகிய தொகுதிகள் சிலவற்றில், அம்னோவிற்கே வாக்களியுங்கள் என்று ஹராப்பான் தலைவர்கள் வேண்டினர். ஜனநாயகச் செயல் கட்சி தான் நின்ற 19 இடங்களையும் வென்றது. அம்னோவிற்குக் கிடைத்தவை இரண்டு.