கல்லைப் பற்றிய மீன்

சிலமலைக்கு மேற்கே, ஏலமலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளில் சிறு வயதில் நாங்கள் ஒரு மீனைப் பிடிக்க முயன்று தோற்றிருக்கிறோம். விரல் நீளம்தான் இருக்கும். பாறையில் ஒட்டிக்கொண்டால் காட்டாறு புரண்டு வந்தாலும் விடாது. நாம் கையை வைத்தாலோ வழுக்கிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விடும். வாய்க்குக் கீழே வட்டமான ஒரு சதை வில்லை இருக்கிறது, அதைக் கொண்டுதான் கல்லைப் பற்றுகிறது என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது.

படித்ததில் இன்னொரு விஷயமும் இருந்தது. இந்த இனத்து மீன்கள் இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மேகாலயத்தின் காஸி, ஜயந்தியா மலைகளிலும் இருக்கின்றன. (புண்ணியத் தலமான காசி வேறு; அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சுந்தர் லால் ஹோரா என்ற விலங்கியல் அறிஞர் காஸி மலையின் வேகமான ஓடைகளில் வாழும் ஜந்துக்களைப் பற்றி 1923-இல் எழுதினார். சமவெளியில் வாழத் தெரியாத மீன் இத்தனை தூரம் எப்படிப் பரவியது என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் வழியாக, ஓடைக்கு ஓடை தாவி, அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். இன்று அதை மறுப்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பயணத்தை நம்பத்தான் ஆசையாக இருக்கிறது.

அந்த ஜயந்தியா மலையில்தான் நிலக்கரி கிடக்கிறது. படலம் மெல்லியது, பல இடங்களில் ஒரு மீட்டர் கனம்கூட இராது. செங்குத்தாகக் குழி வெட்டி, அடியிலிருந்து பக்கவாட்டில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வளை தோண்டுவார்கள். எலிவளைச் சுரங்கம் என்றே அதற்குப் பெயர். நிலம் குடும்பங்களுக்கும் குலங்களுக்கும் சொந்தம். அடியில் இருக்கும் கரியும் அவர்களுக்கே என்பது அங்குள்ள வழக்கம். எனவே வேண்டியவர்களெல்லாம் தோண்டினார்கள்.

அந்தக் கரியில் கந்தகம் அதிகம். இரும்பும் கந்தகமும் கலந்த ஒரு தாது அதற்குள் உறங்குகிறது. மண்ணுக்கடியில் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. குழி வெட்டிக் காற்றும் மழையும் பட்டுவிட்டால் அது கந்தக அமிலமாகிறது, இரும்பு துருவாகிறது. இரண்டும் ஓடையில் இறங்குகின்றன. துரு மஞ்சள் சேறாகக் கல்லின்மேல் படிந்துவிட, கல்லில் வளரும் பாசி மூச்சுத் திணறி மடிகிறது. பாசியைத் தின்னும் பூச்சிக் குஞ்சுகள் போகின்றன, பிறகு மீன். மீனில்லாத ஆற்றில் நீர்நாய்க்கும் மீன்கொத்திக்கும் என்ன வேலை? எந்த வெள்ளமும் பிடுங்க முடியாத அந்த மீனை, பற்றிக்கொண்ட கல்லே கைவிட்டுவிட்டது.

தெற்கே வங்கதேசத்துக்கு ஓடும் லூகா ஆறு, 2007-ஆம் ஆண்டுவாக்கிலிருந்து பனிக்காலத்தில் நீல நிறமாக மாறத் தொடங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. நிறம் மாறியதற்குச் சுரங்க அமிலம் காரணம் என்றவர்களும் உண்டு, சிமெண்டு ஆலைகளைக் கைகாட்டியவர்களும் உண்டு. படத்தில் பார்த்தால் கொள்ளை அழகு! அந்த அழகைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

வடக்கே கோப்பிலி ஆற்றின் கதை வேறு. அங்கே அமில நீர் மின்நிலையத்தின் இயந்திரங்களை அரித்தது. மீன் செத்தபோது யாரும் கணக்கெழுதவில்லை. இரும்பு கரைந்தபோது எழுதினார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் அசாமில் வாழும் திமாசா மாணவர் சங்கத்தார் வழக்குத் தொடுக்க, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரல் 17-இல் எலிவளைச் சுரங்கங்களைத் தடை செய்தது.

தடைக்குப் பிறகும் தோண்டினார்கள். 2018 டிசம்பர் 13-இல் க்சான் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. உள்ளே பதினைந்து பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக இறங்கியவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோண்டுவதை நிறுத்தினாலும் அமிலம் நிற்பதில்லை. கைவிட்ட குழியில் ஒவ்வொரு மழைக்கும் அது புதிதாக ஊறுகிறது. சுண்ணாம்பு கொட்டி நீரின் புளிப்பை முறிக்கலாம். மீன் அதனால் முளைத்துவிடாது. அடுத்த ஓடையிலிருந்துதான் வர வேண்டும். சாத்பூராவைக் கடந்து வந்ததாக ஹோரா சொன்ன அந்த மீனுக்கு, இன்று ஜயந்தியாவில் அடுத்த ஓடையும் பல இடங்களில் மஞ்சளாகத்தான் ஓடுகிறது.