வளர்ப்பும் தத்தும்: சேது நாட்டு வழக்கு ஒன்று

ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்டர்’ என்னும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் அங்கே நாம் காண்பது உணவு. பழைய ஆங்கிலத்தில் அது ஊட்டத்தைக் குறித்தது. ‘ஃபுட்’ அதன் உடன்பிறப்பு. ‘அடாப்ஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. தேர்ந்துகொள்ளுதல் என்பது அதன் பொருள். முன்னது சோறு தருவது; பின்னது குலமும் சொத்தும் தருவது. தமிழில் செவிலி வளர்த்தவள்; தத்து எடுத்தவளோ சட்டத்தின் முன் தாய். இன்றைய மொழிபெயர்ப்புகள் இரண்டையும் ‘வளர்ப்புப் பிள்ளை’ என்று எழுதிவிடுகின்றன. அவ்வேறுபாட்டின் கனத்தை உணர இராமநாதபுரம் வரலாற்றில் ஒரு வழக்கு உண்டு.

1803இல் சேதுபதிகளின் நாடு நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்டது. ஜமீன்தார் இராமசாமி சேதுபதி 1830இல் ஆண்வாரிசின்றி மறைந்தார். இராமேசுவரத்து அம்மனின் பெயரைத் தாங்கிய அவர் மனைவி ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், மகளிரும் மறைந்த பின்னர், 1847இல் கணவர் வழி உறவினரின் இசைவுடன் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கணவர் உயிரோடிருக்கையில் அதற்கு அனுமதி தந்தாரில்லை என்பதே சிக்கல். தத்து செல்லாதெனில் ராணிக்குப் பின் ஜமீன் அரசையே சேரும் என்றது மதுரைக் கலெக்டர் தரப்பு. வாரிசின்மையைக் காட்டிச் சதாரா, ஜான்சி, நாகபுரி ஆகிய நாடுகளை டல்ஹௌசி இணைத்துக்கொண்ட காலத்தை ஒட்டி எழுந்த வழக்கு இது.

சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற இவ்வழக்கில் 1868இல் தீர்ப்பு வந்தது. தென்னாட்டு வழக்கப்படி, கணவரின் அனுமதி இல்லாவிடினும் அவருடைய உறவினர் இசைந்தால் கைம்பெண் தத்தெடுக்கலாம்; தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட நூல்விதியையும் விஞ்சும் என்பது அதன் சாரம். இந்தியச் சட்ட நூல்கள் இத்தீர்ப்பை இன்றும் எடுத்தாள்கின்றன.

இதில் ஒரு விந்தையைக் காண்கிறோம். தீர்ப்பளித்தவர்களின் சொந்த நாடான இங்கிலாந்தில் அன்று தத்தெடுப்புக்குச் சட்டமே இல்லை. 1926இல்தான் அது வந்தது. அதுவரை அங்கே பிறர் பிள்ளையை ஊட்டி வளர்க்கலாம். சட்டப்படி தம் பிள்ளையாக்கிக்கொள்ள இயலாது. அவர்கள் தம் நாட்டு அளவுகோலைக் கொண்டு அளந்திருந்தால், முத்துராமலிங்கம் அரண்மனையில் உண்டு வளர்ந்த ஒரு சிறுவனாகவே நின்றிருப்பார்.

அவ்வாறு நேராததால் விளைந்தவை பல. அவருடைய தமையனார் பொன்னுசாமித் தேவர் ஜமீன் நிர்வாகத்தைக் கவனித்தார். ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றார். பொன்னுசாமியாரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். முத்துராமலிங்கரின் மகன் பாஸ்கர சேதுபதி, 1893இல் விவேகானந்தர் சிகாகோ செல்ல ஊக்கமும் உதவியும் அளித்தார். 1897இல் பாம்பனில் அவரை வரவேற்றார்.

ஊட்டியவளின் அன்பைச் செவிலி என்ற சொல்லில் போற்றியது நம் இலக்கியம். ஆனால் அன்புக்குச் சொத்துரிமை கிடையாது. இன்றும் இந்தியச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்து வேறு. ஆகவே, அவ்விரு ஆங்கிலச் சொற்களையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்க முற்படுவோர், அவற்றுக்கிடையே ஒரு ஜமீனே நின்றது என்பதை நினைவிற்கொள்வது நலம்.