நுளம்பில் தொடங்கிய கணக்கு



சற்று நீளமான பதிவு. பெற்றோரும், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளும் பொறுமையாக வாசியுங்கள்.

கம்பியில்லாச் சென்சர் வலையமைப்புக்குள் வைரஸ் எப்படிப் பரவுகிறது? இதற்கான விடை கணினியில் தொடங்கவில்லை, ஒரு நுளம்பின் வயிற்றில் தொடங்கியது.

1897 ஓகஸ்ட் 20. சிகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் என்ற இராணுவ மருத்துவர் நுளம்பின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பின்னர் சொன்னதுதான் நமக்கு முக்கியம். கடைசி நுளம்பு வரை கொல்லத் தேவையில்லை, எண்ணிக்கையை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினால் நோய் தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவரோடு வேலை செய்த மெக்கென்ட்ரிக், கெர்மக் என்பவருடன் சேர்ந்து 1927இல் அதைச் சமன்பாடாக்கினார். தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் என மூன்று பிரிவு. பொருத்திப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடு.

இலங்கை இந்தக் கணக்கை உயிர் கொடுத்துப் படித்தது. 1934-35இல் வறட்சியால் ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மலேரியாவுக்குப் பழகிய உலர் வலயத்தை விட, பழகாத கேகாலை, குருணாகல் பக்கமே பலத்த அடி. 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள்தான். கண்காணிப்புத் தளர்ந்தது. 1968-69இல் நோய் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதிதான் உலக சுகாதார அமைப்பு நம்மை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இனி கணினிக்கு வருவோம். 1991இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கெபார்ட், வைட் இருவரும் இதே நோய்க் கணக்கைக் கணினி வைரசுக்குப் பொருத்தினார்கள். பிறகு சென்சர் வலையமைப்பு வந்தது. ஈரம், வெப்பம், அதிர்வு அளக்கும் சின்னஞ்சிறு கருவிகள் அவை. கேரளத்து மூணாறில் மண்சரிவை முன்கூட்டி அறிய அமிர்தா பல்கலைக்கழகம் நிறுவியது இப்படியொரு வலையமைப்புத்தான். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்துக் கருவியின் ரேடியோதான் கேட்கும். செய்தி கைமாறிக் கைமாறித்தான் தலைமை நிலையத்துக்குப் போகும்.

புதிய மென்பொருளும் அதே வழியில் வரும். "என்னிடம் புதியது இருக்கிறது" என்று ஒரு கருவி சொல்லும், பழையதை வைத்திருக்கும் பக்கத்துக் கருவி வாங்கிக்கொள்ளும். நல்லது போகும் பாதையில் கெட்டதும் போகலாம். எல்லாக் கருவியிலும் ஒரே மென்பொருள் என்பதால் ஒன்றைத் திறந்த சாவி எல்லாவற்றையும் திறக்கும். 2008இல் பிரான்சில் பிரான்சிலோன், காஸ்டெலூசியா இருவரும் இத்தகைய கருவிக்குள் ரேடியோ வழியே நிரந்தரமாக நிரலைப் புகுத்த முடியும் என்று செய்தே காட்டினார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். மனிதன் பஸ் ஏறித் தூர ஊருக்கு நோயைக் கொண்டு போவான். சென்சர் இடம்விட்டு அசையாது. எனவே வைரஸ் காட்டுத்தீ போல அயலிலிருந்து அயலுக்கு நகரும். இடையில் போதிய வெளி இருந்தால் நின்றுவிடும். தொற்றிய கருவியின் பற்றரி தீர்ந்தால், வைரஸ் தன் பாதையைத் தானே அறுத்துக்கொள்ளும். 2016இல் கம்பியில்லா மின்குமிழ்களை வைத்து ஆய்வாளர்கள் இந்த எல்லையைக் கணக்கிட்டார்கள். பாரிஸ் அளவு நகரில் சுமார் 15,000 குமிழ்கள் இருந்தால் ஒரு குமிழில் தொடங்கி நகரம் முழுவதும் தொற்றும். மிகக் குறைந்தால் அணைந்துவிடும். ரொஸ் சொன்ன அதே எல்லை!

இதை விளங்க நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பாருங்கள். காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் ஒரு குதம் எரிந்தது. அந்தத் தீ மற்றவற்றை விழுங்கவில்லை. இன்றைய கணினிப் பொறியாளர்கள் வலையமைப்பைக் கூறுகூறாகப் பிரித்து வைக்கச் சொல்வதும் இதைத்தான். தொற்றுள்ள ஊரின் எல்லையை இரு பக்கமும் மூடச் சொன்ன நபிவழியும் நமக்குப் புதிதல்ல.

இது எங்கோ நடக்கும் விடயமும் அல்ல. 2016இல் மிராய் என்ற நிரல், கடையில் வாங்கியபடியே கடவுச்சொல் மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. 2023 ஓகஸ்டில் நம் அரசாங்க மின்னஞ்சல் சேவையே பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. காலாவதியான மென்பொருள், பிரதி எடுத்து வைக்கவில்லை. மே 17 முதலான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்விட்டன.

நாளை நம் துறைமுகத்திலும் குளக்கட்டிலும் சென்சர்கள் வரும். வெள்ளம் வருகிறது என்று சொல்ல வேண்டிய கருவி பொய் சொன்னால் போவது தரவு அல்ல, உயிர். 17 நோயாளிகளோடு திருப்திப்பட்ட நாடு என்ன பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்றிரவே வீட்டு ரவுட்டரின், கமராவின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அயல் வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஏனென்றால் தொற்று அயலிலிருந்துதான் வரும்.