குருதி கூறிய சான்று

குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் கருவியெனவே மரபணு ரேகையைப் பலரும் கருதுவர். அதன் வரலாறோ நிரபராதிகளைக் காத்ததிலிருந்தே தொடங்குகின்றது.

இங்கிலாந்தின் லெஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திலே, 1984 செப்ரெம்பர் 10ஆம் நாள், அறிஞர் அலெக் ஜெஃப்றீஸ் எக்ஸ்-கதிர்ப் படலமொன்றை ஆராய்ந்தார். டி.என்.ஏ.யில் மீண்டும் மீண்டும் வருஞ் சிறு கூறுகள் அதில் வரிவரியாகத் தோன்றின. ஒருகரு இரட்டையர் நீங்கலாக, அவ்வரிகள் ஆளுக்காள் வேறுபடுவன. பிள்ளையின் வரிகள் தாய் தந்தையரிடமிருந்து வருவன. 1985இல், கானாவிலிருந்து திரும்பிய சிறுவனொருவன் தன் தாயின் சொந்த மகனே என்பதை இம்முறை நிலைநாட்டிற்று. குடும்பம் பிரியாது வாழ்ந்தது.

லெஸ்ரர்ஷயரில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். 17 வயது இளைஞனொருவன் இரண்டாங் கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். முதற்கொலையும் அவனதே என ஐயுற்ற பொலிசார் சோதனையை நாடினர். இரண்டையுஞ் செய்தவன் ஒருவனே, அவன் இவ்விளைஞன் அல்லன் என்பது தெளிவாயிற்று. பின்னர் ஆயிரக்கணக்கான ஆடவரின் குருதி பெறப்பட்டது. கொலைஞன் தனக்குப் பதிலாக வேறொருவனின் குருதியைக் கொடுப்பித்துத் தப்பினான். அவ்வஞ்சனை பேச்சுவாக்கில் வெளிப்படவே பிடிபட்டு, 1988இல் ஆயுட்டண்டனை பெற்றான்.

வாயாற் கூறும் ஒப்புதலும் பொய்க்கலாம் என்பதை நீதியுலகுக்கு உணர்த்தியதே இக்கலையின் முதற்பெரும் பயனாகும். ஆயினும் குருதி உண்மை கூறவேண்டுமாயின், அதனைப் பெறுவோர் விழிப்புடையராதல் வேண்டும்.